ஜானவாசத்துக்கு இரண்டு வண்டி

சென்னை விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துப் போக அண்ணா கொண்டுவந்திருந்த வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். எனக்கே முட்டி வலி. அதற்கு எங்கெங்கே வலி என்பது சைதாப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் தெரிந்துபோனது.

நான் கோலாலம்பூரில் வாகனக் காப்பீட்டு மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அடிபட்ட கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே இடித்தது, எப்படி இடித்தது, சொந்தக்காரர் எவ்வளவு புளுகுகிறார் என்று எழுதிக் கொடுத்ததுதான் என் பிழைப்பு. அதனால் கார் மேல் எனக்குக் காதலும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. கிளம்பு என்றால் கிளம்ப வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். அண்ணாவின் வண்டிக்கு நிற்கத் தெரியும். அதுவும் நாம் சொன்ன இடத்தில் அல்ல.

கூரையை மடக்கிப் பின்னால் தள்ளும் ரகம் அது. சீமை வண்டி, வெளிர் பச்சை. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பழங்கார்ப் பைத்தியங்கள் யாராவது என்ஜின் நம்பரைக் கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள், சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அண்ணா கதவைச் சாத்தினார். பீரோ சாத்துகிற சத்தம்.

“கேட்டியா கல்யாணி? இரும்பு. இப்போ வர வண்டியெல்லாம் தகரம்கூட இல்லை, பிளாஸ்டிக்.”

“இந்த இரும்புல ஏ.சி. இருக்கா?”

“காத்து வரும்.”

வந்தது. மீனம்பாக்கத்துப் புழுதியும் மாநகரப் பேருந்தின் புகையும் சரிபாதி கலந்த காற்று.

முன் சீட்டில், அண்ணாவுக்கு இடது பக்கத்தில், யூசுப் பாய். திருவல்லிக்கேணியில் பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவர், அண்ணாவின் நெடுநாள் சிநேகிதர். பெட்டிகளோடு பெட்டியாகப் பின்னால் நான். பாய் வழி முழுக்க வாயை மூடவில்லை. “லெப்டுல ஆட்டோ வரான், நில்லு அய்யரே. ம்ம்... இப்ப வுடு. லெப்டுல பஸ்ஸு. அவன் வுட மாட்டான், நீ வுட்டுடு.” கிண்டி தாண்டியும் இதே பாராயணம். எங்கள் ஊரில் பக்கத்தில் உட்கார்ந்து இப்படி உத்தரவு போட்டால், ஓட்டுகிறவர் அடுத்த திருப்பத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அண்ணாவோ ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஓட்டினார். ஒரு காரை ஓட்ட இரண்டு கிழவர்கள் தேவைப்படுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சைதாப்பேட்டைப் பாலம் இறங்கினதும் முன்பக்கத்திலிருந்து இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி. ஓரம் கட்டினோம். அதற்காகவே வண்டியில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக வைத்திருந்தார்கள். டீக்கடையில் ஆளுக்கொரு டீயும் கீரை வடையும் சாப்பிட்டுக்கொண்டு வண்டிக்குக் காய்ச்சல் இறங்கக் காத்திருந்தோம். வடை நன்றாக இருந்தது, அதை மறைப்பானேன். அதற்குள் வண்டியைச் சுற்றிக் கூட்டம். ஒரு பையன் பைக்கை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்தான். “செம வண்டி அங்கிள்! ஒரு செல்ஃபி எட்துக்கட்டா?” எடுத்துக்கொண்டான். இன்னொருவன் மனைவியை பானட் மேல் சாய்த்து எடுத்தான், சூடு பட்டு அவள் கத்தினாள். கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிவிடச் சொன்னோம். அத்தனை ரசிகர்களும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

அண்ணா பெண் நந்தினிக்குக் கல்யாணம். அதற்குத்தான் நான் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு நாதஸ்வரத்தோடு காரில் ஊர்வலமாக அழைத்து வருவதை எங்கள் வீடுகளில் ஜானவாசம் என்போம். நந்தினி தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே அண்ணா ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்: இவள் ஆம்படையானை என் வண்டியில் வைத்து நானே ஓட்டிக்கொண்டு வருவேன். வேறு ஆசை எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. வங்கியில் வேலை பார்த்தார், ஓய்வு பெற்றார், அவர் மனைவி, அதாவது என் மன்னி, வாங்கி வரச் சொன்ன காய்கறியை வாங்கி வந்தார். இது ஒன்றுதான்.

மயிலாப்பூர் வீட்டுக்குள் கால் வைத்ததுமே பஞ்சாயத்து. அண்ணா பிள்ளை ஸ்ரீராம் புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். உச்சியில் கண்ணாடிக் கூரை திறக்குமாம், மாப்பிள்ளை அதன் வழியாக எழுந்து நிற்கலாமாம்.

“அத்தை, நீங்களே சொல்லுங்கோ. நடு மாட வீதியில அப்பா வண்டி நின்னு போச்சுன்னா மானம் போயிடும்.”

“போனா என் மானம்தானே?” என்றார் அண்ணா.

“ரெண்டு வண்டியிலேயும் போய்ப் பாத்துட்டுக் கல்யாணி சொல்லட்டும். அவ வேலையே அதான்,” என்று மன்னி தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டு காப்பி கலக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஸ்ரீராமோடு அடையாறுக்குப் போனேன். சமையல் காண்டிராக்டர் வீட்டில் ரசத்தையும் பாயசத்தையும் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே வந்து பார்த்தால் புதுக் காரின் கதவுக்குக் கைப்பிடி இல்லை. தடவித் தடவிப் பார்த்தேன். “நீங்க பக்கத்துல வந்தா அதுவே வெளியில வரும் அத்தை,” என்றான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை அது மனுஷியாக மதிக்கவில்லை போலிருக்கிறது. அவன் வந்தான், கைப்பிடியும் வந்தது.

உள்ளே குளிர். சத்தமே இல்லை, உடம்பு அலுங்கவில்லை. ஆனால் ஏ.சி.யைக் குறைக்க ஒரு திருகு கிடையாது. தொலைக்காட்சி அளவுக்கு ஒரு கண்ணாடித் திரை, அதில் மூன்று இடத்தில் தொட்டு நான்காவது இடத்தில் தேய்க்க வேண்டுமாம். அவன் தேய்ப்பதற்குள் லஸ் முனை வந்துவிட்டது. வண்டி நிமிஷத்துக்கு ஒரு தரம் கூவியது. இடது பக்கம் ஸ்கூட்டர் வந்தால் கூவல், வலது பக்கம் சைக்கிள் வந்தால் கூவல், கோடு தாண்டினால் கூவல். மயிலாப்பூர் ரோட்டில் கோடு எங்கே இருக்கிறது என்று அதுதான் சொல்ல வேண்டும். மந்தைவெளியில் காற்றில் பறந்து வந்த ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்து அதுவாகவே பிரேக் போட்டது. என் மூக்குக் கண்ணாடி மடியில் வந்து விழுந்தது.

“பாதுகாப்புக்குத்தான் அத்தை,” என்றான்.

“யாருக்கு, பிளாஸ்டிக் பைக்கா?”

அப்புறம் வண்டியில் இருந்த பெண் குரல் இடது பக்கம் திரும்பச் சொன்னது. அவன் திரும்பினான். எதிரே மெட்ரோக்காரர்கள் தோண்டிய பள்ளமும் நீலத் தகரத் தடுப்பும். ஆயிரம் கேமரா வைத்திருக்கிற வண்டிக்கு ஊரே அறிந்த பள்ளம் தெரியவில்லை. பின்னால் எடுப்பதற்குள் நாலு ஆட்டோ வந்து நின்று, நாலு பேரும் எங்கள் வம்சத்தை விசாரித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் மட்டும் பரிதாபப்பட்டார். “இன்னா தம்பி, வண்டி சொல்றத கேட்டுக்கினு வரியே, வழில ஒரு ஆளக் கேக்கக் கூடாதா?”

அடையாறில் ரசம் பிரமாதம். பாயசத்தில் சர்க்கரை தூக்கல், சொன்னேன். திரும்பி வந்து இறங்கப் பார்த்தால் உள்பக்கக் கைப்பிடியும் தெரியவில்லை. அவன் சுற்றி வந்து திறந்துவிடும்வரை மீன் தொட்டியில் இருப்பது போல உள்ளே உட்கார்ந்திருந்தேன். மாடியிலிருந்து அண்ணா பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பூராவும் அவர் முகத்தில் ஒரு களிப்பு.

மூன்றாம் நாள் தி.நகர். ரவிக்கை தைத்து வாங்க வேண்டும், வெள்ளிச் சாமானில் பெயர் வெட்டக் கொடுத்ததை வாங்க வேண்டும். அண்ணாதான் அழைத்துப் போனார், கூடவே பாய். பாய் இல்லாமல் இவர் வாசல் தாண்டுவதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ரங்கநாதன் தெருப் பக்கம் நினைத்தே பார்க்க முடியாது, பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு சந்தில் நிறுத்தினோம். அண்ணா இறங்கி பானட்டைத் திறந்து, உள்ளே ஒரு கருப்பு மூடியைக் கழற்றி, அதற்கடியில் கட்டைவிரல் பருமனில் இருந்த ஒரு சாமானை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரோட்டர். அது இல்லாவிட்டால் பழைய என்ஜினில் மின்பொறி எங்கேயும் போகாது, தலைகீழாக நின்றாலும் வண்டி கிளம்பாது. திருட்டுக்குப் பயந்து அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான்.

“இதை யாருண்ணா திருடப் போறா? திருடினாலும் சைதாப்பேட்டையில நின்னுடுமே.”

“நீ ரவிக்கையை வாங்கிண்டு வா.”

பாய் மட்டும் சிரித்தார். “தங்கச்சி, இத்தோட ரோட்டரு இப்ப மெட்ராஸ்ல தேடுனாலும் கெடைக்காது. எங்கையில ஒண்ணு ஸ்பேரு கீது. எப்பவும் பையிலதான் வெச்சிருப்பேன்.”

தையல்காரர் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். தி.நகரில் எல்லோரும் சொல்வது அதுதான். திரும்பி வந்தேன். கிழவர்கள் இரண்டு பேரும் எதிர்க் கடையில் ரோஸ்மில்க் வாங்க நின்றார்கள். சும்மா நிற்கத் தெரியாத பழக்கம், வண்டியைச் சுற்றி வந்தேன். வலது பக்கம் கண்ணாடி போலிருந்தது, ஒரு பொட்டுக் கீறல் இல்லை. இடது பக்கம் வந்தேன். முன் சக்கரத்துக்கு மேலே ஒரு நசுங்கல், தட்டி எடுத்துப் பச்சை பூசியிருந்தது. கதவில் முழ நீளத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொன்று, வேறு உயரத்தில், வேறு நாளில் விழுந்தது. பின்பக்கம் ஒரு சிராய்ப்பு, அதில் ஆட்டோ மஞ்சள் ஒட்டியிருந்தது. பூசின பச்சைகூட மூன்று விதம்.

மழைக்கும் வெயிலுக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கிடையாது. கார் ஒரு பக்கம் மட்டும் அடி வாங்கினால், அது காரின் குற்றம் அல்ல. வேலையில் இருந்தபோது இப்படி எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். பிடித்த சந்தோஷம் அன்று வரவில்லை.

அண்ணா ரோஸ்மில்க் குடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். நான் அவருக்கு இடது பக்கமாகப் போய், தோளை உரசாத குறையாக நின்று, கையை நீட்டினேன். அவர் திரும்பவில்லை. கையை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் ஆட்டினேன். அவர் நேரே பார்த்துக் குடித்துக்கொண்டேயிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் நின்ற பாய் என்னைப் பார்த்தார். தம்ளரை வைத்துவிட்டு, “வா தங்கச்சி, தையக்கடைக்குப் போலாம்,” என்று என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

“எவ்ளோ நாளா பாய்?”

“ரெண்டு வருசத்துக்கு மேல கீது. கண்ணு நரம்பு பூட்ச்சின்னுட்டாரு டாக்டரு. இடது கண்ணு சுத்தமா இல்ல. அய்யரு யார்க்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு.”

“நீங்க ஓட்ட வேண்டியதுதானே?”

“எனுக்கு கால் எங்க வேல செய்யுது? கிளட்ச்சு மிதிக்க முடியாது. அவருக்கு காலு, எனுக்கு கண்ணு. ஓடிக்கினுகீது.”

“யாரையாவது ஏத்திட்டா?”

கோபத்தில் எனக்குப் படபடவென்று வந்தது. ஊர் செல்ஃபி எடுத்துக் கொண்டாடுகிற அந்தப் பச்சை டப்பாவை, பாதி ரோடு தெரியாத ஒரு மனிதர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒருவர் கத்துகிறார் என்ற தைரியத்தில். இதைவிட முந்தின நாள் ஏறின கூவல் வண்டியே மேல்.

அன்று சாயங்காலம் கூடத்தில் தீர்ப்புச் சொன்னேன். “புது வண்டி.” ஸ்ரீராம் கைதட்டினான். அண்ணா நாற்காலியை விட்டு எழுந்தார். “மலேசியாவுல போய்த் தகர டப்பாவுக்கு விலை போட்டுண்டு இருந்தவ, உனக்கு என்ன தெரியும்? என் பொண்ணு கல்யாணம். நான்தான் ஓட்டுவேன்.”

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வீட்டிலிருந்து போன். ஜானவாசக் காரில் மாப்பிள்ளைக்கு முன்னால், ஓட்டுகிறவர் பக்கத்தில், மாப்பிள்ளையின் அக்கா கணவர் உட்காருவதுதான் அவர்கள் வீட்டு வழக்கமாம். அவர் மடியில் அக்கா குழந்தையும். மன்னி, “அதுக்கென்ன, பேஷா!” என்று சொல்லி வைத்துவிட்டாள். பாய்க்கு இடம் இல்லை. அண்ணா முகத்தைப் பார்த்தேன். மறுபடி உட்கார்ந்தார்.

மொட்டை மாடியில் அவர் துணி எடுக்கப் போனபோது பின்னாலேயே போனேன். “அண்ணா, எனக்குத் தெரியும்.”

எது என்று அவர் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டே இருந்தார்.

“நடக்கற வேகம்தானே கல்யாணி. நேரே போறது. எத்தனை நாழி?”

“குழந்தைகள் வண்டியை ஒட்டிண்டு நடக்கும். இடது பக்கமும் நடக்கும்.”

“ஒரு தடவை. அதோட சரி.”

“அந்த ஒரு தடவைல...”

“நந்தினிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அவ இன்னும் கேட்டுண்டு இருக்கா. போ கீழே.”

அவர் என்னிடம் கெஞ்சுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் அவர் யாரிடமும் கெஞ்சினதில்லை. நான் கீழே இறங்கினேன், ஆனால் சம்மதித்து அல்ல. மன்னியிடம் சொல்லிவிடலாம், ஸ்ரீராமிடம் சொல்லிவிடலாம். சொன்னால் கல்யாண வீடு அழுகை வீடாகிவிடும், அண்ணாவை எல்லோரும் நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். நந்தினி தாலி கட்டிக்கொள்கிற அன்று அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஜானவாசத்தன்று பிள்ளையார் கோயில் பக்கத்துத் தெருவில் பச்சை வண்டி மல்லிகையும் ரோஜாவுமாக நின்றது. பாய் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லி, அண்ணா அதுவரை ஓட்டி வந்துவிட்டார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், சட்டை இல்லை. பை இல்லாததால் ரோட்டரைக் கழற்றவும் இல்லை. கல்யாணக் கூட்டத்தில் யார் திருடப் போகிறார்கள்? மாப்பிள்ளைக்கு மாலை போட அவர் கோயிலுக்குள் போனார், பாய் டீ குடிக்கப் போனார். பெண்ணின் அத்தை பூ அலங்காரத்தைச் சரிசெய்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சரத்தை ஒதுக்கினேன், பானட்டைத் தூக்கினேன், மூடியைக் கழற்றினேன். உருவினதைக் கைப்பைக்குள் போட்டு எல்லாவற்றையும் முன்போல மூடினேன். எத்தனையோ திருட்டுகளை எழுதியிருக்கிறேன். செய்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை பின்னால் ஏறினான். அவன் அக்கா கணவர் குழந்தையோடு முன்னால் ஏறினார். நாதஸ்வரம் தயார். அண்ணா ஓட்டுநர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தடவை எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம்.

ஸ்டார்ட்டரை அழுத்தினார். கிர்ர் என்றது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். மறுபடி. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். “என்ன மாமா, வெள்ளைக்காரன் கைவிட்டுட்டானா?” என்றார் சம்பந்தி.

அண்ணா இறங்கிப் பானட்டைத் திறந்தார். கருப்பு மூடியைக் கழற்றினார். குனிந்தவர் அப்படியே நின்றார். அவருக்கு வலது பக்கத்தில் நின்ற பாய் எட்டிப் பார்த்தார், பார்த்ததும் கை சட்டைப் பைக்குப் போனது. அண்ணா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. அவர் பாயைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. பாயின் கை பையிலேயே நின்றது.

மூடியைத் திரும்பப் பொருத்தி, பானட்டைச் சாத்திவிட்டு, அண்ணா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “பழசு இல்லையா மாமா. பழசை எதுக்கு நம்பறது? காயலாங்கடைக்குப் போட வேண்டியதை நான்தான் இத்தனை நாள் கட்டிண்டு அழுதேன். ஸ்ரீராம், உன் வண்டியைக் கொண்டு வாடா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த வண்டியை நான் வந்த நாளாக எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்! அப்போதெல்லாம் முறைத்தவர் இன்று தன் வாயால் திட்டினார். உருவின சாமானைத் திரும்பப் பொருத்தினால் அது சற்று முன்புவரை ஓடினது மாதிரியே ஓடும் என்பது அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும்.

புது வண்டி வந்தது. மாப்பிள்ளை கண்ணாடிக் கூரை வழியாக மார்பு வரை வெளியே நின்றான், மாலையும் கழுத்துமாக, தொட்டியில் நட்ட செடி போல. பெல்ட் போடவில்லை என்று வண்டி கூவ ஆரம்பித்தது. தவில்காரர் ஒரு தனி ஆவர்த்தனத்தின் உற்சாகத்தில் ஓரடி பின்னால் வந்தார், வண்டி சடாரென்று நின்றது, மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பத்தடி போகும், நிற்கும், கூவும். ஸ்ரீராம் திரையைத் தேய்த்துத் தேய்த்து வியர்த்துப்போனான்.

“வண்டி எங்களைப் பாத்துப் பயப்படுதுங்க தம்பி,” என்றார் தவில்காரர்.

கடைசியில் மேளத்தை வண்டிக்குப் பின்னால் அனுப்பினார்கள். முன்னால் மேளம் இல்லாத ஜானவாசத்தை மாட வீதி அன்றுதான் பார்த்திருக்கும். பூக்காரப் பெண் ஒருத்தி, “இன்னாது, மாப்ள அவசரமா எங்கியாவது போறாரா?” என்று கேட்டாள். குழந்தைகள் இரண்டு பக்கமும் ஓடின, வண்டியைத் தொட்டுத் தொட்டு விளையாடின. ஒவ்வொரு தொடலுக்கும் அது நின்றது. எரிச்சல் பிடித்த அந்த வண்டியை முதல் தடவையாக மனசார வாழ்த்தினேன்.

அண்ணா நடந்தே வந்தார். நான் அவருக்கு இடது பக்கத்தில் நடந்தேன். நடைபாதைக் கல் வந்தபோது முழங்கையைத் தொட்டேன். உதறவில்லை.

மண்டபத்தில் இலை போட்டபோது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ரசம் வந்தது.

“இனிமே ஓட்டலை,” என்றார்.

நான் சாதத்தைப் பிசைந்தேன்.

“கோபமா இருக்கேன் உன்மேல. அது அப்புறம். நாளைக்கு முகூர்த்தத்துல என் இடது பக்கம் நின்னுக்கோ. வந்து நிக்கறவா யாருன்னு சொல்லு, என்ன நடக்கறதுன்னு சொல்லு. நான் நேரே பாத்துண்டு இருப்பேன், யாருக்கும் தெரியாது.”

மறுநாள் காலையில் நின்றேன். எங்கள் வழக்கத்தில் பெண்ணை அப்பா மடியில் உட்கார வைத்துத்தான் தாலி கட்டுவது. சிவப்புக் கூறைப் புடவையில் நந்தினி அவர் மடியில் உட்கார்ந்தாள். “மாமி, சித்த தள்ளிக்கோங்கோ,” என்று வாத்தியார் மூன்று தடவை சொன்னார். முறைத்தேன், அப்புறம் சொல்லவில்லை. குனிந்து அண்ணா காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மன்னி தீர்த்தச் சொம்போட நிக்கறா. அழலை, உதட்டைக் கடிச்சுண்டு இருக்கா. ஸ்ரீராம் வீடியோ எடுக்கறவனை விரட்டறான். நாத்தனார் முடிச்சுப் போட வந்துட்டா. மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்துட்டான். அட்சதையை எல்லாருக்கும் கொடுத்தாச்சு.

கெட்டி மேளம் முழங்கியது. அந்தச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும்.

“தாலி ஏறிடுத்துண்ணா.”

“தெரியும்,” என்றார் அண்ணா, நேரே பார்த்தபடி. “குழந்தை அழறா. மடியெல்லாம் குலுங்கறது.”

அடுத்து நடப்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, அவர் இடது தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.